போத்தலில் அடைப்பதற்கு முன்

ரந்தாவ், லாபு, பகாவ் தோட்டங்களில் கிறிஸ்துமஸுக்கு வீட்டிலேயே திராட்சை ஒயின் போடும் பிள்ளைகளுக்கு: கள் அன்றன்றைக்குத் தீர்ந்துபோவது. அதையே பார்த்து வளர்ந்த நமக்கு, அடைத்து வைக்கும் வேலை அவ்வளவாகப் பழக்கமில்லை.

1. அவசரப்பட்டு மூடாதீர்கள். குமிழி நின்றது மட்டும் போதாது. லிட்டருக்கு 4 கிராம் சர்க்கரை மிஞ்சியிருந்தாலே அது உள்ளே நொதித்து ஏறத்தாழ ஒரு வளிமண்டல அழுத்தத்தைக் கூட்டிவிடும். அதற்கு மேல் மிஞ்ச மிஞ்ச போத்தல் வெடிக்கும் அபாயம் கூடும். ஹைட்ரோமீட்டர் வாங்குங்கள். தோட்டத்து ஸ்டோரில் ரப்பர் பாலில் மிதக்கவிடும் மெட்ரோலாக்கும் அதே சாதிக் கருவிதான். சில நாள் விட்டு விட்டுப் பாருங்கள், 1.000க்குக் கீழே இறங்கி, அசையாமல் நின்றால் மூடலாம். இனிப்பு வேண்டுமென்றால் குடிக்கும்போது சேர்த்துக்கொள்ளுங்கள்.

2. மண்டியைக் கலக்காமல், குழாய் வைத்துத் தெளிவை மட்டும் இறக்குங்கள்.

3. போத்தல் விஷயத்தில் நான் யாருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை. ஃபார்மிக் ஆசிட், களைக்கொல்லி வைத்திருந்ததை எத்தனை முறை கழுவினாலும் தொடாதீர்கள். பாராகுவாட் 2020 முதல் நாட்டில் தடை. ஆனால் பழைய கொட்டகை மூலையில் ஒரு போத்தல்கூடக் கிடக்காது என்று யார் உறுதி சொல்வது? அந்த விஷத்துக்கு மாற்று மருந்தே இல்லை. பச்சை அல்லது பழுப்புக் கண்ணாடிதான் நல்லது. கொதிநீரில் கழுவிக் காயவைத்துவிடுங்கள்.

4. கழுத்தில் இரண்டு சென்டிமீட்டர் இடம் விட்டால் போதும். காற்று அதிகமானால் காடியாகிவிடும். (ஊறுகாய்க்கு ஆகும், விருந்துக்கு ஆகாது.)

5. தகரக் கூரைக்கு அடியில் பரணில் ஏற்றாதீர்கள். லயத்து வீட்டில் குளிர்ச்சியான இடம் சிமெண்டுத் தரைதான். இருட்டு மூலையாகப் பார்த்து வையுங்கள். கார்க் மூடியென்றால் படுக்கவைக்க வேண்டும், திருகுமூடியென்றால் நிறுத்தலாம். பிரெஞ்சுக்காரர் 12 டிகிரி நிலவறையில் வருடக்கணக்காக வைக்கிறாரே என்று வீம்பு பிடிக்காதீர்கள். இங்கே பகலில் 32 டிகிரி. டிசம்பரில் திறக்கத் தொடங்கிய சரக்கு ஈஸ்டருக்குள் தீரட்டும்.

6. வேகம் போதவில்லையென்று ஊர்பேர் தெரியாத சாராயத்தைக் கலக்காதீர்கள். 2018 செப்டம்பரில் மெத்தனால் கலந்த கள்ள மதுவைக் குடித்து கிள்ளான் பள்ளத்தாக்கிலும் சுற்றுவட்டாரத்திலும் 30 பேருக்கு மேல் இறந்தார்கள்.

7. விற்காதீர்கள். உரிமம் இல்லாமல் மது விற்பது குற்றம். வீட்டில் போடுவதற்கும் விதி உண்டா என்று சுங்கத் துறையில் முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். விற்காதீர்கள் என்பதற்குச் சட்டம் மட்டும் காரணமல்ல. 1947இல் கெடா தோட்டங்களில் தொண்டர் படை கள்ளுக்கடைகளை எதிர்த்துக் கிளம்பியது சும்மா அல்ல. சம்பளம் அங்கேயே கரைந்துகொண்டிருந்தது. 21 வயது நிரம்பாதவருக்கு மது விற்கக் கூடாதென்பது 2017 டிசம்பரிலிருந்து சட்டம். உங்கள் வீட்டு மேசையிலும் அந்தக் கணக்கையே வைத்துக்கொள்ளுங்கள்.