வாக்காளர் மறுப்பும் நீதிமன்றப் பொருள்கோளும்: அயர்லாந்து அரசமைப்பின் எட்டாம் திருத்தம்

அயர்லாந்து அரசமைப்பைத் திருத்த நாடாளுமன்ற ஒப்புதலோடு பொதுவாக்கெடுப்பும் வேண்டும். எனினும், வாக்காளர் ஏற்ற சொல்லுக்குப் பொருள் உரைப்போர் நீதிபதிகளே. 1973இல் மெக்கீ வழக்கில் உச்ச நீதிமன்றம் மணவாழ்வின் அந்தரங்க உரிமையை ஏற்றது. அத்தீர்ப்பு கருக்கலைப்புக்கும் வழிவிடுமோ என்னும் அச்சம் 1983இன் எட்டாம் திருத்தத்திற்கு ஒரு காரணமாயிற்று. கருவின் உயிருரிமையைக் காக்க வந்த அத்திருத்தத்தில், தாயின் சமமான உயிருரிமையையும் உரியவாறு கருத வேண்டும் என்னும் தொடர் இருந்தது. 1992இல் எக்ஸ் வழக்கில் நீதிமன்றம் அத்தொடரையே பற்றி, தற்கொலை அபாயமும் தாயின் உயிருக்கு நேரும் அபாயமே எனத் தீர்ப்பளித்தது. திருத்தத்திற்காகப் போராடியோர் எண்ணியிராத பொருள் இது.

அப்பொருளை விலக்க முனைந்த முன்மொழிவுகளை 1992இலும் 2002இலும் வாக்காளர் நிராகரித்தனர். இவற்றைத் தோல்வியுற்ற திருத்தங்கள் என ஒதுக்குதல் பொருந்தாது. மறுத்தோருள் கட்டுப்பாடு போதாது என்போரும் மிகை என்போரும் இருந்தனர். ஆதலின் அதனைத் தீர்ப்புக்கான ஒப்புதல் என்றும் கொள்ளவியலாது. ஆயினும் தீர்ப்பு நிலைத்தது. சட்டமன்றம் அதனைச் சட்டமாக்க 2013 வரை காலம் எடுத்துக்கொண்டது. 2018இல் வாக்களித்தோருள் 66.4 விழுக்காட்டினர் அவ்விதியையே அகற்றி, கருக்கலைப்பை முறைப்படுத்தும் அதிகாரத்தை நாடாளுமன்றத்திடம் அளித்தனர்.