உரசல் நின்றுவிட்டது என்று நம்பாதே

ஈப்போ

அன்புள்ள மருமகனுக்கு,

அக்காவின் முழங்கால் வலி குறைந்தது என்று கேட்டு நிம்மதியாக இருக்கிறது.

நீ அனுப்பிய படங்களைப் பார்த்தேன். டொயோட்டா 86க்கு 245 டயர் கம்பீரமாகத்தான் இருக்கிறது. ஆனால் மட்கார்டின் உள்விளிம்பில் பெயின்ட் உரிந்து ஒரு கோடு தெரிகிறதே! "முதலில் உரசியது மாமா, இப்போது சத்தம் இல்லை" என்று எழுதியிருக்கிறாய். அதைப் படித்த பிறகு சும்மா இருக்க முடியவில்லை.

முப்பது வருஷத்துக்கு முன் நானும் அப்படித்தான் நம்பினேன். பின் டயர் உரசிய சத்தம் ஒரு மாதத்தில் நின்றுபோனது. உண்மையில் தகட்டின் விளிம்பு டயரின் பக்கச்சுவரைச் சீவிச் சீவித் தனக்கு இடம் செய்துகொண்டிருந்தது. தீபாவளிக்கு முந்தின நாள் காரில் உன் அத்தை, இரண்டு பிள்ளைகள், பின்னால் நிறையச் சாமான். தாப்பா பக்கம் நெடுஞ்சாலையில் டயர் வெடித்தது. பின்னால் லாரி எதுவும் வராததால் பிழைத்தோம்.

நீ 245 போட்டது தப்பில்லை. கம்பெனி டயர் 215/45R17, அதன் உயரம் 625 மி.மீ. உன்னுடைய 245/40R17 சுமார் 628. உயரத்தில் வித்தியாசமே இல்லை என்று சொல்லலாம். சிக்கல் ரிம்மில். கம்பெனி ரிம் 7 இன்ச் அகலம், ஆஃப்செட் 48. நீ வாங்கியது 9 இன்ச், ஆஃப்செட் 35. கணக்குப் போட்டுப் பார்: ரிம்மின் வெளிவிளிம்பு 38 மி.மீ வெளியே வந்திருக்கிறது, உள்விளிம்பு 12 மி.மீதான் உள்ளே போயிருக்கிறது. அதே 9 இன்ச்சில் ஆஃப்செட் 42 எடுத்திருந்தால் வெளியே 31, உள்ளே 19. இந்த 7 மி.மீட்டரில்தான் உன் மட்கார்டு தப்பியிருக்கும்.

இன்னொன்று, எல்லாக் கம்பெனியின் 245ம் ஒரே அகலம் இல்லை. பக்கத்து வீட்டுக்காரருக்குப் பொருந்தியது உனக்கும் பொருந்தும் என்று எண்ணாதே.

இடைவெளியை அளப்பதற்கு ஒரு வழி சொல்கிறேன். ஒரு பக்க ஸ்பிரிங்கைக் கழற்றிவிட்டு, ஷாக் அப்சார்பரை மட்டும் மாட்டி, சக்கரத்தை ஜாக்கியால் முட்டும்வரை தூக்கு. ஸ்டீயரிங்கை இரண்டு பக்கமும் கடைசிவரை திருப்பு. பள்ளத்தில் விழும்போதும் வளைவில் சாயும்போதும் டயர் எங்கே போகும் என்று அப்போதுதான் தெரியும். வீட்டு வாசலில் நிற்கும் கார் எதையும் காட்டாது. பிள்ளைகள் விளையாடும் களிமண்ணை ஷாக்கின் மேல் அப்பிவைத்தால் இடைவெளி அதில் பதிந்துவிடும். 5 மி.மீட்டருக்குக் குறைந்தால் எனக்குத் திருப்தி வராது.

சக்கரத்தின் தலையை உள்ளே சாய்த்தால் மட்கார்டு தப்பும், உண்மைதான். ஆனால் கேம்பர் போல்ட்டால் சாய்த்தால் டயர் ஷாக்கை நெருங்கும். மேலே கேம்பர் பிளேட் போட்டால் ஷாக்கும் கூடவே சாயும், நடுவில் உள்ள இடைவெளி மாறாது. செலவு கூடும், ஆனாலும் அதுவே சரி.

மட்கார்டு விளிம்பை மடிக்கச் சொன்னார்களாமே. பெயின்ட்டைச் சூடாக்காமல் மடித்தால் வெடிக்கும். நம் ஊர் மழையில் அங்கே துருப்பிடிக்க அதிக நாள் ஆகாது. அது கடைசி வேலையாக இருக்கட்டும். ரிம்மோடு நட்டையும் மாற்றினால் கவனம்: இந்தக் கார் சுபாருவோடு சேர்ந்து செய்தது, போல்ட்டின் மரை 12க்கு 1.25. மற்ற டொயோட்டாக்களில் வழக்கமாக 1.5. மாறிப்போனால் மரை கெட்டுவிடும்.

இந்தக் காரை உருவாக்கிய தலைமைப் பொறியாளர் டெட்சுயா டாடா, பிரியஸுக்கும் போட்ட அதே ரக மிச்செலின் டயரை வேண்டுமென்றே இதற்கு வைத்தார். குறைந்த வேகத்திலேயே கார் அளவாக வழுக்கி, ஓட்டுபவர் கைக்குக் கட்டுப்பட வேண்டும் என்பது அவர் எண்ணம். அதனால் தினம் வேலைக்குப் போய், எப்போதாவது செப்பாங் பந்தயத் தடத்தில் ஓட்டும் உனக்கு 8 இன்ச் ரிம்மில் 225 போதும் என்பதே என் கருத்து. 245தான் வேண்டுமென்றால் தடுக்கவில்லை, ரிம்மை மாற்று.

வரும் சனிக்கிழமை பழைய ரிம்மையும் 215 டயரையும் மாட்டிக்கொண்டு இங்கே வா. ஜாக்கியும் களிமண்ணும் தயாராக இருக்கும். அதுவரை அந்த 245இல் அக்காவை ஏற்றிக்கொண்டு எங்கும் போகாதே.

அன்புடன்,
மாமா