பூச்சாடி ஓவியம்: நம்புவதும் உள்ளதும்

இலங்கையில் எங்கள் பல்லேகமப் பக்கம் பூ என்றால் பன்சலைக்கோ சாமிப் படத்துக்கோ போகவேண்டியது. அதை யன்னலில் வைத்து வாழ்நாள் முழுதும் தீட்டினார் பிரித்தானிய ஓவியர் வினிஃப்ரெட் நிக்கல்சன் (1893–1981). அத்தகைய படங்களைப் பற்றிய நான்கு எண்ணங்களைச் சரிபார்ப்போம்.

நம்பிக்கை: பூவைப் பார்த்து அப்படியே வரைவதுதானே?

உண்மை: 1922–23 அளவில் அவர் தீட்டிய ‘சைக்ளமனும் பிரிமுலாவும்’ ஓவியத்தில் பூச்செடிகள் யன்னல் விளிம்பில் இருக்கின்றன. சுற்றிய வெள்ளைத்தாள்கூட அவிழ்க்கப்படவில்லை. தாளின் கூம்பிய மடிப்புகளும் பின்னாலுள்ள மலைமுகடுகளும் ஒன்றையொன்று ஒத்திருக்கின்றன. கைக்கெட்டும் பூவையும் எட்டாத மலையையும் ஒரே ஒளியில் சேர்ப்பதுதான் அங்கே நடக்கும் வேலை. இதழ் நரம்பை எண்ணப் போனால் ஏமாந்துவிடுவீர்கள்.

நம்பிக்கை: நிழல் என்றால் கறுப்பு.

உண்மை: வெயில் படாத இடத்திலும் நீல வானத்தின் ஒளி விழுகிறது. காலை வெயிலில் ஒரு வெள்ளைத்தாளை விரித்து அதன்மேல் செவ்வரத்தை ஒன்றை வையுங்கள். நிழலில் நீலம் பாய்ந்திருக்கும். நிக்கல்சன் ஊதாவையும் இளநீலத்தையும் தேடித்தேடிப் பூசியதில் கண்ணுக்கு மாறான எதுவுமில்லை.

நம்பிக்கை: அது குளிர்நாட்டுச் சமாச்சாரம், எங்களுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

உண்மை: 1919–20இல் அவர் தந்தையுடன் இலங்கை, பர்மா, இந்தியா மூன்றுக்கும் வந்தார். தந்தை சார்ல்ஸ் ரொபர்ட்ஸ், இந்திய விவகாரங்களுக்கான பிரித்தானியத் துணை அமைச்சராக இருந்தவர்; ஆட்சியாளர் வீட்டுப் பிள்ளையின் பயணம்தான் அது. ஆனாலும் இந்தப் பக்கத்து வெயில் அவருடைய நிறங்களுக்கு வெளிச்சம் ஏற்றியது.

நம்பிக்கை: பூ ஓவியம் பழைய பாணி, பெண்களின் பொழுதுபோக்கு.

உண்மை: கோடும் கட்டமுமாக அரூப ஓவியம் தீட்டிய பியட் மொண்ட்ரியான் அவருடைய நண்பர். 1938 செப்டெம்பரில் போர் அச்சத்தால் மொண்ட்ரியான் பாரிஸை விட்டு லண்டனுக்குப் போனபோது கூடவே பயணம் செய்தவர் நிக்கல்சன். அவரும் அரூப ஓவியங்கள் தீட்டினார். பெண்கள் மட்டுமா? பூக்களைத் தீட்டிப் பேரெடுத்த செட்ரிக் மோரிஸ், சபோக் மாவட்டத் தோட்டத்தில் புதிய ஐரிஸ் வகைகளையே உருவாக்கியவர். அவர் நடத்திய ஓவியப் பள்ளியில் படித்தவர்தான் லூசியன் ஃபிராய்ட்.

இனி இப்படியொரு படம் எதிர்ப்பட்டால் ‘என்ன பூ?’ என்பதோடு நிற்காதீர்கள். வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து வருகிறது, எதன்மேல் தங்குகிறது என்று தேடுங்கள். ஓவியர் மெனக்கெட்டது பெரும்பாலும் அதற்காகத்தான்.