உலைப்பானைக்கு வந்த போர்

1939-ஆம் ஆண்டு செப்டம்பர் முதல் நாள் விடியலில் செருமானியப் படைகள் போலந்து நாட்டினுட் புகுந்தன. மூன்றாம் நாள் பிரிட்டன் செருமனியின்மீது போர் அறிவித்தது. அன்றே அரசப் பிரதிநிதி லின்லித்கோ பிரபு, இந்நாட்டுத் தலைவர்களைக் கலவாமலே, இந்தியாவும் போரில் இறங்கியதென்று சாற்றினார்.

கோவைக்கு வடக்கே, சத்தியமங்கலம் செல்லும் சாலையில் உள்ளது கணபதி. அந்நாளில் அது தனிச் சிற்றூர். வார்சாவில் வீழ்ந்த குண்டுகளின் ஓசை அங்கு எட்டவில்லை. ஆயினும் 1942-இல் போர் அவ்வட்டாரத்து அடுப்பங்கரைக்கே வந்து சேர்ந்தது. அவ்வாண்டு மார்ச்சுத் திங்களில் சப்பானியர் இரங்கூனைக் கைப்பற்றினர். பர்மா அரிசி வருவது நின்றது.

கொங்கு நாட்டிற் பெரும்பகுதி புன்செய். சோளமும் கம்பும் கேழ்வரகுமே உழவர்தம் அன்றாட உணவு. நெற்சோறு விருந்து நாளைக்கு உரியது. அரிசி வாராமையால் அவர்க்கு என்ன குறை எனலாம். அரிசி உண்டோர் பிற தானியங்களை நாடவே, அவற்றின் விலையும் உடன் ஏறிற்று. மண்ணெண்ணெய் அரிதாயிற்று, விளக்குகள் முன்னிரவிலேயே அவிந்தன. ஆலைகள் ஓயாது நூல் நூற்ற கோவை வட்டாரத்திலேயே கைத்தறியாளர் நூலுக்கு அலைந்தனர். இதனினும் விந்தை வேறுண்டோ? படைக்கு வேண்டிய துணிக்கே முதலிடம் அளிக்கப்பட்டது.

போர் 1945-இல் முடிந்தது. பங்கீடு முடியவில்லை. 1952-இல், இராசாசி முதலமைச்சராயிருந்தபோதுதான் சென்னை மாநிலத்தில் உணவுக் கட்டுப்பாடு நீங்கியது.