தோள் சுமக்கும் அளவு

ஸ்காபரோ,
மே 10

அன்பு மகள் தாரணிக்கு,

மாதக் கடைசியில் தோழிகளோடு அல்கொன்குவின் பூங்காவுக்கு நாலு நாள் கனூப் பயணம் போவதாக அம்மா சொன்னா. கேட்கச் சந்தோஷமாக இருந்தது. கட்டாயம் போய் வா. பொதி கட்ட உட்காரும் முன் இந்தக் கடிதத்தை மட்டும் ஒருதரம் ஆறுதலாக வாசி.

கனூவில் இடம் நிறைய இருக்கும். எதையும் ஏற்றலாம் போலத் தோன்றும். ஆனால் கனூ லேக்கிலிருந்து ஜோ லேக்குக்குப் போகும்போதே முதல் போட்டேஜ் வந்துவிடும், ஏறக்குறைய 300 மீட்டர். அந்தக் காட்டுப்பாதையில் பொதியும் கனூவும் உங்கள் தோளில்தான் போகவேண்டும். பாரம் குறைந்த கெவ்லார் கனூவே 20 கிலோ அளவில் இருக்கும். அதனால் படகு எவ்வளவு தாங்கும் என்று பார்க்காதே, தோள் எவ்வளவு தாங்கும் என்று பார். இரண்டு நடையில் எல்லாம் அக்கரை சேரவேண்டும். மூன்றாம் நடை தேவைப்பட்டால் சாமான் கூடிவிட்டது. கையில் தொங்கும் உதிரிப் பை ஒன்றும் வேண்டாம். எல்லாம் முதுகுப் பைக்குள் அடங்கட்டும்.

உடுப்பு இரண்டு சோடி போதும். ஒன்று பகலில் நனைவதற்கு; மற்றது இரவுக்கு. இரவுச் சோடியையும் ஸ்லீப்பிங் பாக்கையும் தண்ணீர் புகாத பையில் கட்டு. கூடாரத்துக்குள் போகும்வரை அந்தப் பையைத் திறக்காதே. ஜீன்ஸ் வேண்டாம், பருத்தி நனைந்தால் லேசில் காயாது, உடம்புச் சூட்டையும் உறிஞ்சிவிடும். கம்பளியோ பொலியெஸ்டரோ எடு. மே கடைசி கறுப்பு ஈக்களின் காலம். வெளிர்நிற முழுக்கைச் சட்டையும் தலைவலையும் மறவாதே.

சாப்பாட்டில் ஒரு விதி உண்டு: பூங்காவின் உட்பகுதிக்கு டின்னிலோ போத்தலிலோ அடைத்த உணவு கொண்டுபோகக் கூடாது. டின் மீனும் ஊறுகாய்ப் போத்தலும் வீட்டிலேயே இருக்கட்டும். அரிசி, பருப்பு, வறுத்த மா, மிளகாய்த்தூள் எல்லாவற்றையும் வேளைக்கு வேளை அளந்து சிறு பைகளில் கட்டு. கருவாடு வேண்டாம்; அங்கே கரடி உண்டு. இரவில் உணவுப் பையை நிலத்திலிருந்து 4 மீட்டர் உயரத்தில், அடிமரத்திலிருந்து 2 மீட்டர் தள்ளித் தொங்கவிடு. பற்பசையும் சவர்க்காரமும் அதே பைக்குள்தான். ஏரித் தண்ணீரைக் கொதிக்கவைக்காமல் குடிக்காதே.

பாரம் குறைக்கிறேன் என்று சிலவற்றில் கைவைக்கக் கூடாது. ஆளுக்கொரு லைஃப் ஜாக்கெட், விசில், தண்ணீர் இறைக்கும் வாளி, 15 மீட்டர் மிதக்கும் கயிறு ஆகியவை சட்டப்படி கனூவில் இருக்கவேண்டும். லைஃப் ஜாக்கெட் படகில் கிடந்தால் சட்டத்துக்குப் போதும், எனக்குப் போதாது. கரையிலேயே போட்டு, கொளுவிக்கொண்டு ஏறு. பனி உருகிச் சில வாரங்களே ஆன நீர் அது. விழுந்த முதல் ஒரு நிமிடம் மூச்சு உன் வசத்தில் இராது. அதன்பின் கைகால் சொன்னபடி கேட்பது பத்து நிமிடம்தான். எவ்வளவு நன்றாக நீந்தினாலும் அந்தக் குளிருக்கு முன்னால் செல்லாது. ஓவியர் டாம் தாம்சன் 1917 ஜூலையில் இறந்தது அதே கனூ லேக்கில்தான். துடுப்பிலும் அந்த நீரிலும் நன்றாகப் பழகிய மனிதர் அவர்.

காற்று பெரும்பாலும் மத்தியானத்துக்குப் பிறகுதான் எழும்பும். விடியவே புறப்பட்டு, கரையை ஒட்டிப் போங்கள். அலை வெள்ளை நுரை கட்டினால் கரையேறிக் காத்திருங்கள். அதற்கென்று ஒருநாள் சாப்பாடு கூடுதலாக இருக்கட்டும். பிந்தி வருவதில் வெட்கமில்லை, பிள்ளை.

உள்ளே போனால் தொலைபேசி வேலை செய்யாது. எந்த இரவு எந்த ஏரி, கார் எங்கே நிற்கும், கனூ என்ன நிறம், எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள் என்று ஒரு தாளில் எழுதி என்னிடம் தா. சொன்ன நேரத்துக்குள் உன் அழைப்பு வராவிட்டால் நான் பூங்காவுக்கும் பொலிசுக்கும் அறிவிப்பேன். அதனால் வெளியே வந்ததும் முதல் அழைப்பு எனக்கு.

வரும் சனிக்கிழமை கட்டிய பைகளோடு நாலு பேரும் வீட்டுக்கு வாருங்கள். பைகளைச் சுமந்துகொண்டு வீட்டுக்குப் பக்கத்துப் பூங்காவைச் சுற்றி ஒரு நடை போவோம். பாரமாக இருப்பதை இங்கேயே இறக்கி வைத்துவிட்டுப் போகலாம்.

அன்புடன்,
பெரியப்பா