தாடைத் தழும்பு

கொழிஞ்சாம்பாறை

அன்பு மருமகளுக்கு,

நீ அனுப்பிய மணப்பெண் படங்களைக் கடையில் பெரிய திரையில் போட்டுப் பார்த்தேன். வெளிச்சம் அருமை. குமுளியில் மஞ்சு மூடிய காலை நேரத்தை விடாமல் பிடித்திருக்கிறாய். அந்த மெத்தென்ற வெளிச்சத்துக்கு, இங்கே சித்தூர்ப் பக்கத்து வெயிலில் நான் வெள்ளைத்துணி கட்டி மல்லுக்கு நிற்க வேண்டும். ஆனால் கண்ணைத் தாண்டிக் கன்னத்துக்கு வந்ததும் என் கை மவுஸிலேயே நின்றுவிட்டது, கண்ணு. அந்தப் பிள்ளைக்குத் தோலே இல்லை. மூக்கோரம் ஒரு துளை இல்லை, மேலுதட்டில் பூனைமயிர் இல்லை. முகம் கோதுமை நிறம், கழுத்து மாநிறம், காது அதைவிடக் கறுப்பு. போனில் சொன்னால் திட்டுவது போலக் கேட்கும், அதனால்தான் எழுதுகிறேன்.

டச்சிங் எங்கள் காலத்திலும் இருந்தது. 1980-களில் நான் தொழில் பழகியபோது டச்சிங் என்றால் நெகட்டிவ் மேல் பென்சில். அடியிலிருந்து வெளிச்சம் வரும் சாய்மேசையில் 120 ரோல் நெகட்டிவை வைத்து, உப்புத்தாளில் ஊசி மாதிரி தீட்டிய பென்சிலால் புள்ளி புள்ளியாகத் தொடுவோம். பருவும் சுருக்கமும் நெகட்டிவில் வெளிறித் தெரியும். அங்கே பென்சில் கரி ஏறினால் பிரிண்டில் மறைந்துபோகும். ஒரு முகத்துக்கு ஒரு மணி நேரம்கூட ஆகும். கை அவ்வளவு மெதுவாகப் போனதால், எதை எடுக்கலாம், எதை விடலாம் என்று யோசிக்க நேரம் இருந்தது. இருந்தும் நான் யோசிக்காமல் ஒன்று செய்தேன். இதுவரை உன் அத்தையிடம்கூட முழுசாகச் சொன்னதில்லை.

வரன் பார்க்க அனுப்புவதற்கு ஒரு பிள்ளை படம் எடுக்க வந்தாள். தாடையில் சின்ன வயசில் விழுந்த தழும்பு. யாரும் கேட்கவில்லை, நானாகவே அதை மறைத்தேன். நிறத்தையும் பிரிண்ட் போடும்போது வெளுக்க வைத்தேன். படம் பிடித்துப்போய் மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். மாப்பிள்ளையின் அம்மா படத்தையும் பெண்ணையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, காப்பியைக் குடித்து முடித்து எழுந்து போய்விட்டாராம். மறுநாள் அந்தப் பிள்ளையே கடைக்கு வந்து படத்தை மேசைமேல் வைத்தாள். "இதுல இருக்கற பொண்ண நீங்களே வெச்சுக்குங்கண்ணா" என்றாள். சத்தம் போடவில்லை. காசையும் திருப்பிக் கேட்கவில்லை.

அன்றிலிருந்து நான் வைத்திருக்கும் கணக்கு இது. பத்து நாளில் தானே ஆறிப்போகும் பரு, உதட்டு வெடிப்பு, கொசுக்கடி, தூக்கமில்லாத கண்ணின் சிவப்பு, இதையெல்லாம் தாராளமாக எடு. மச்சம், தழும்பு, அம்மைத் தடம், சிரித்தால் விழும் கோடு, இவற்றை அந்த ஆளைக் கேட்காமல் தொடாதே. கேட்டுப் பார், பாதிப் பேர் இருக்கட்டும் என்றுதான் சொல்வார்கள்.

கைவேலைக்கு வருகிறேன். அசல் படத்தின் மேல் வேலை செய்யாதே; காலியாக ஒரு லேயர் திறந்து, அதில் ஹீலிங் பிரஷ்ஷால் பருவை மட்டும் எடு. பிரஷ் பருவைவிடக் கொஞ்சம்தான் பெரிதாக இருக்க வேண்டும். பிரீக்வென்சி செப்பரேஷனைப் பெரிதாகச் சொல்கிறாய். துளை, மயிர், ரேகை மேல் லேயரிலும், நிறம், நிழல் கீழ் லேயரிலும் பிரிவது நல்ல யோசனைதான். ஆனால் கீழே பெரிய பிரஷ்ஷால் மொழுகினால் கன்ன எலும்பின் நிழலும் கரைந்து முகம் தட்டையாகிவிடுகிறது. உன் படத்தில் நடந்தது அதுதான் என்று நினைக்கிறேன். எனக்கு டாட்ஜ் அண்ட் பர்ன்தான் பிடிக்கும், அது பென்சில் வேலைக்குச் சொந்தக்காரன். வெளிச்சமாக்க ஒரு கர்வ்ஸ், இருட்டாக்க ஒரு கர்வ்ஸ், இரண்டுக்கும் கறுப்பு மாஸ்க், பிரஷ்ஷில் பிளோ 2 அல்லது 3 சதவீதம். திட்டுத் திட்டான இடங்களை மட்டும் பக்கத்துத் தோலோடு சேர்த்துவிடு. துளை எல்லாம் அப்படியே நிற்கும்.

இன்னொன்று. வேலை செய்யும்போது மேலே கறுப்பு வெள்ளை லேயர் ஒன்று போட்டுச் சிவப்பைக் குறை. மறைந்திருந்த திட்டெல்லாம் எழுந்து வரும். அந்தக் காலத்து ஆர்த்தோகுரோமடிக் பிலிமுக்குச் சிவப்பு தெரியாது, அதனால் சிவந்த பரு அதில் கறுப்பாக விழும். அந்தக் குறையையே இப்போது உளவாளியாக வைத்துக்கொள்கிறோம். முடிந்ததும் எல்லா லேயரையும் ஒரே குரூப்பில் போட்டு ஒபாசிட்டியை 60-க்கு இறக்கி, காலையில் தூங்கி எழுந்த கண்ணால் பார். பெரும்பாலும் அது போதும்.

நிறத்தைப் பற்றி எனக்கு வருத்தம் அதிகம். கோடக் கம்பெனி லேபுகளுக்கு அனுப்பிய அளவு அட்டையில் பல வருஷம் வெள்ளைக்காரப் பெண் முகம்தான். ஷெர்லி அட்டை என்று பெயர். அந்த அளவில் நம் முகம் சேறாக விழுந்ததற்கு பிலிமைச் சொல்லலாம். உன் கேமராவுக்கு அந்தக் குறை இல்லை. கசவுப் புடவையின் வெண்மையைப் பார்த்து மீட்டர் ஏமாறும், முகம் இருண்டுபோகும். பிறகு ஷேடோவைத் தூக்கினால் தோல் சாம்பல் பூக்கும். முகத்துக்கு எக்ஸ்போஷர் வைத்து எடு. நலங்கு மஞ்சளைக் கறை என்று நினைத்து ஒயிட் பாலன்ஸில் கழுவிவிடாதே.

2025 மார்ச்சில் கேரளத்தின் அப்போதைய தலைமைச் செயலாளர் சாரதா முரளீதரன், தன் நிறத்தைச் சொல்லி ஒருவர் பேசியதை வெளிப்படையாக எழுதினார். நாலு வயசில் தன் அம்மாவிடம், என்னைத் திரும்ப வயிற்றில் போட்டு வெள்ளையாகப் பெற்றுத்தர முடியுமா என்று கேட்டதையும் அதில் சொன்னார். படித்த அன்று எனக்குக் கடையில் வேலை ஓடவில்லை. நானும் எத்தனை பிள்ளைகளை அப்படித் திரும்பப் பெற்றிருக்கிறேன், பிரிண்ட் தாளில்! 2015-ல் வந்த 'பிரேமம்' படத்தில் சாய் பல்லவி பருக்கள் தெரியும் கன்னத்தோடுதான் மலர் டீச்சராக நின்றார். மலையாளத்தாரும் நம் ஆட்களும் ஒரே மாதிரி கொண்டாடினார்கள். பின்னால் சிவப்பழகு கிரீம் விளம்பரத்தையும் வேண்டாம் என்றார். உன் கஸ்டமர் "கொஞ்சம் வெளுக்க வெச்சுக் கொடுங்க" என்று கேட்டால், அந்தப் படத்தைச் சொல்லிப் பேச்சைத் தொடங்கு.

இந்தக் கடிதத்தோடு ஒரு கவரில் அந்தத் தழும்புப் பிள்ளையின் நெகட்டிவை வைத்திருக்கிறேன். யாருக்கும் காட்டாதே. ஜன்னலோரம் லேசாகச் சாய்த்துப் பிடித்தால் தாடையில் ஒரு இடம் மட்டும் மினுங்கும். அது என் பென்சில் கரி.

இப்படிக்கு,
மாமா