சக்கரம் வைத்த மரப்பெட்டி: மழைக்கு முன்னாடி வீட்டிலேயே செய்துவிடலாம்

2015 டிசம்பர் 1 காலையிலிருந்து மறுநாள் காலை வரை தாம்பரத்தில் 49 செ.மீ. மழை பதிவானது. அடையாறு பெருகி, முடிச்சூர், வரதராஜபுரம், மேற்குத் தாம்பரம் பகுதிகளில் வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையிலும் முடிச்சூர், வரதராஜபுரம் மக்கள் மறுபடி அவதிப்பட்டார்கள்.

தரைத்தளத்தில் குடியிருப்பவர்களுக்கு இதில் ஒரு தனிக் கவலை உண்டு. வீட்டுப் பத்திரம், மார்க் ஷீட், பேங்க் பாஸ்புக் எல்லாம் பீரோவின் அடித்தட்டில்தான் இருக்கும். அவசரத்தில் பீரோவை நகர்த்த முடியாது. எது எங்கே இருக்குன்னு தேடவும் நேரம் இருக்காது. தொலைந்த சான்றிதழ்களுக்காக அரசு வெள்ளத்துக்குப் பிறகு சிறப்பு முகாம்கள் நடத்தியது உண்மைதான். ஆனாலும், முதலிலேயே காப்பாற்றிவிட்டால் அந்த அலைச்சலே வேண்டாமே!

அதற்குத்தான் இந்தப் பெட்டி. வீட்டில் ஒருத்தரே வாசல் வரை உருட்டிக்கொண்டு வரலாம். இரண்டு பேர் சேர்ந்தால் மாடிக்குத் தூக்கிவிடலாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும்.

என்னென்ன வாங்கணும்?

12 மி.மீ. ப்ளைவுட், 4 அடிக்கு 4 அடி. தண்ணீர் தாங்கும் 'பி.டபிள்யூ.ஆர்.' ரகமாகக் கேளுங்கள். அதில் ஐ.எஸ்.ஐ. முத்திரையும் உரிம எண்ணும் அச்சிட்டிருக்க வேண்டும். 'பி.ஐ.எஸ். கேர்' செயலியில் அந்த எண்ணைப் போட்டால், முத்திரை உண்மையா என்று கடையிலேயே தெரிந்துவிடும்.

கூடவே 1 இஞ்ச் சதுர ரீப்பர் 10 அடி, 75 மி.மீ. காஸ்டர் சக்கரம் 4 (இரண்டு நேராக மட்டும் ஓடுவது, இரண்டு பிரேக்குடன் திரும்புவது), சக்கரத்துக்கு போல்ட், நட், வாஷர், ஒன்றேகால் இஞ்ச் ஸ்க்ரூ 50, கீல் 2, கொண்டி 1, நைலான் கயிறு, மரப்பசை, உப்புத்தாள், பெயிண்ட். சக்கரம், கீல், கொண்டி போன்றவற்றைப் பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையிலும் தேடிப் பார்க்கலாம். பழைய சக்கரம் என்றால் கையால் சுற்றிப் பார்த்து வாங்குங்கள்.

பேக்கிங் கட்டையில் செய்ய நினைத்தால் அதன் முத்திரையைப் பாருங்கள். 'எச்.டி.' என்றால் சூட்டில் பதப்படுத்திய மரம், எடுக்கலாம். 'எம்.பி.' என்றால் மீத்தைல் புரோமைடு என்ற நச்சுப் புகை போட்ட மரம், வீட்டுக்கு வேண்டாம்.

வெட்டும் அளவு

ப்ளைவுட் கடையிலேயே மெஷினில் வெட்டித் தரச் சொல்லுங்கள். இந்த அளவை போனில் படம் எடுத்துக் காட்டினால் போதும்.

அடிப்பலகை, மூடி: 23 x 16 இஞ்ச், 2 துண்டு
நீளப் பக்கம்: 23 x 14 இஞ்ச், 2 துண்டு
அகலப் பக்கம்: 15 x 14 இஞ்ச், 2 துண்டு
ரீப்பர்: 22 இஞ்ச் 2 துண்டு, 13 இஞ்ச் 4 துண்டு

செய்முறை

1. 22 இஞ்ச் ரீப்பரை நீளப் பக்கத்தின் கீழ் விளிம்போடு, இரண்டு முனையிலும் அரை இஞ்ச் விட்டு, பசை தடவி ஸ்க்ரூ போடுங்கள். அதன் மேல் இரு முனையிலும் 13 இஞ்ச் ரீப்பரை நிற்க வையுங்கள். ஸ்க்ரூவுக்கு முன்னால் ட்ரில்லில் சின்ன ஓட்டை போட்டால் கட்டை பிளக்காது.

2. அகலப் பக்கங்களை நீளப் பக்கங்களுக்கு நடுவில் வைத்து, நிற்கும் ரீப்பரில் ஸ்க்ரூ போடுங்கள். முதலில் போட்ட ஸ்க்ரூவும் இதுவும் ஒரே உயரத்தில் வந்தால் உள்ளே மோதிக்கொள்ளும். ஒரு இஞ்ச் ஏற்றி இறக்கிப் போடுங்கள்.

3. மூலைக்கு மூலை குறுக்காக டேப் பிடியுங்கள். இரண்டு அளவும் ஒன்றாக இருந்தால் பெட்டி சதுரமாக இருக்கு. வித்தியாசம் வந்தால், பசை காய்வதற்குள் அழுத்திச் சரி பண்ணிடுங்க. பிறகு அடிப்பலகையைக் கீழிருந்து ரீப்பரில் முடுக்குங்கள்.

4. சக்கரத்தை விளிம்பிலிருந்து 2 இஞ்ச் உள்ளே தள்ளி வையுங்கள். அப்போதுதான் போல்ட் ரீப்பரில் இடிக்காது. ஸ்க்ரூ மட்டும் போட்டால் 12 மி.மீ. பலகையில் நாளடைவில் பிடுங்கிக்கொள்ளும். போல்ட், வாஷர் கட்டாயம் போடுங்கள்.

5. அகலப் பக்கங்களில் இரண்டிரண்டு ஓட்டை போட்டு, கயிற்றை நுழைத்து உள்ளே முடிச்சுப் போடுங்கள். அதுதான் கைப்பிடி. மூடிக்குக் கீல், கொண்டி வையுங்கள். உப்புத்தாள் தேய்த்து இரண்டு கோட்டிங் பெயிண்ட் அடியுங்கள். ப்ளைவுட்டின் வெட்டிய ஓரம்தான் தண்ணீரை அதிகம் உறிஞ்சும். அங்கே ஒரு கோட்டிங் கூடுதலாகக் கொடுங்கள்.

உள்ளே என்ன வைக்கலாம்?

காலிப் பெட்டியே சுமார் 10 கிலோ வரும். உள்ளே 10 கிலோவுக்கு மேல் வேண்டாம். மாடிப்படியில் தூக்க வேண்டும் அல்லவா? அசல் ஆவணங்கள், தினசரி மாத்திரை, டார்ச், பவர் பேங்க், ஒரு செட் உடை போதும். காகிதங்களைத் தனித்தனி ஜிப் கவரில் போடுங்கள். இந்தப் பெட்டி தண்ணீர் புகாத பெட்டி இல்லை. மரம் என்பதால் மிதந்து கவிழ்ந்துவிடவும் கூடும். தண்ணீர் வாசலுக்கு வருவதற்கு முன்பே மாடி ஏற்றிவிட வேண்டும்.

போனில் செய்ய வேண்டியது

டிஜிலாக்கரில் ஆதார், ஓட்டுநர் உரிமம், ஆர்.சி. ஆகியவற்றை அந்தந்தத் துறையிடமிருந்தே இறக்கி வையுங்கள். அப்படிப் பெற்றவை சட்டப்படி அசலுக்குச் சமம். நீங்களே படம் எடுத்து ஏற்றிய நகலுக்கு அந்தத் தகுதி கிடையாது.

வீட்டுப் பத்திரத்தின் ஆவண எண், பதிவான ஆண்டு, சார்பதிவாளர் அலுவலகத்தின் பெயர், இந்த மூன்றையும் போனில் குறித்து, குடும்பத்தில் இன்னொருவருக்கும் அனுப்பி வையுங்கள். பத்திரம் நனைந்து போனாலும், இந்த விவரங்களை வைத்துப் பதிவுத்துறை இணையதளத்தில் சான்றிட்ட நகலுக்கு விண்ணப்பிக்கலாம். பட்டா நகலை வருவாய்த்துறையின் இணையச் சேவையில் எடுத்துக்கொள்ளலாம்.

'டி.என். அலர்ட்' செயலியை இறக்கி, உங்கள் பகுதியின் மழை எச்சரிக்கையைப் பாருங்கள். கனமழை எச்சரிக்கை வந்த அன்றைக்கே பெட்டியை மேலே ஏற்றிடுங்க. மேல்மாடி வீட்டுக்காரரிடம் இப்போதே ஒரு வார்த்தை சொல்லி வைப்பது நல்லது. உதவி தேவைப்பட்டால் மாவட்டக் கட்டுப்பாட்டு அறைக்கு 1077, மாநிலக் கட்டுப்பாட்டு அறைக்கு 1070.

வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கும். செப்டம்பருக்குள் பெட்டி தயாராகிவிட்டால், பெயிண்ட் காயவும் நேரம் இருக்கும், மாடிப்படியில் ஒரு தடவை தூக்கிப் பார்க்கவும் நேரம் இருக்கும்.